படியிறங்கிய பதினோரு பேர்

போன வாரம் சாலவாக்கத்தில் எங்கள் நிலத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து நெல்லுக்கு மருந்தடிக்க ட்ரோன் கொண்டுவந்திருந்தார்கள். அது ஙொய்யென்று தலைக்கு மேல் கிளம்பியதுதான் தாமதம், நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். ஊருக்கு வந்த பவிசில் கட்டியிருந்த புதுப்புடவை வேறு. நிலத்துக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாமா ஆச்சி? பூச்சிக்கு மருந்தடிக்கிற மிஷின்மா அது!"

"தெரியும்ணா. ஒடம்புக்குத்தான் தெரில."

எழுந்து சேற்றைத் துடைத்தபோது மருந்து நெடி மூக்கில் ஏறியது. பூச்சிமருந்துக்கும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டுக்கும் சம்பந்தமில்லைதான். மூக்கு அந்த நியாயமெல்லாம் பார்ப்பதில்லை.

நர்ஸ் படிப்பு முடித்ததும் கடல் கடந்து ஒரு பெரிய நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழாவது மாடியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டு. என்னோடு வாலாஜாபாத் மஞ்சுளா அக்காவும் நர்ஸ். ஊரில் எங்கள் இருவருக்கும் நடுவே பாலாறு. அங்கே ஒரே அறை, ஒரே குழம்புச் சட்டி. அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் மாடி முழுக்கக் கதவைச் சாத்துவார்கள். அது தனிக் கதை.

இரண்டாம் வருஷம் சண்டை மூண்டது. வண்டுபோல் இரைந்துகொண்டு ட்ரோன்கள் வரும், பின்னாலேயே ஏவுகணை. முதலில் எல்லைப் பக்கம், பிறகு நகரத்துக்குள். நைனா தினமும் போன் செய்வார்.

"டிவில காட்டிக்கினே கீறாங்கம்மா. ஒடனே பொறப்ட்டு வந்துடு."

"கொயந்தைங்கள வுட்டுட்டு எப்டி நைனா வர்றது?"

"அப்போ பத்தரமா பாத்துக்கோ" என்றார். என்னையா, குழந்தைகளையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை, பால் கொடுக்கும் வேளையில் சைரன் ஊதியது. அடுத்து எங்கோ பக்கத்தில் வெடித்தது. கரண்ட் போய் லிஃப்ட் நின்றது, ஜெனரேட்டரும் எழும்பவில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் பதினோரு குழந்தைகள். அதில் ஒரு குழந்தை இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவது, தானாக மூச்சுவிடத் தெரியாதது. நான் மரமாக நின்றுவிட்டேன்.

"இன்னாடி பாத்துக்கினு கீற? பொட்டிய வுடு, புள்ளயத் தூக்கு!" என்று மஞ்சுளா அக்கா கத்தினாள்.

படிக்கட்டில் ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் எனக்கு வேறு பாஷையே வரவில்லை. "நில்லுங்க! கொயந்த! கை குடுங்க!" என்று நம்மூர்த் தமிழில் அலறினேன். ஒருவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் எல்லோரும் நின்றார்கள். காவலாளி, சமையல்காரர், பெரிய டாக்டரம்மா, தலையில் கட்டுப்போட்ட ஒரு நோயாளி. நடவின்போது நாற்றுமுடி கைமாறிப் போகுமே, அப்படிப் பத்துக் குழந்தைகள் கைக்குக் கை கீழே போயின.

கடைசிக் குழந்தையை நான் ஏந்திக்கொண்டேன். அக்கா அதன் முகத்தில் ரப்பர் பையைப் பொருத்தி, அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தாள்.

"நீ காலப் பாரு. மூச்ச நான் பாத்துக்கறன்."

இருவரும் ஒருக்களித்து, நண்டுபோல் இறங்கினோம். அடித்தளத்தில் கால்வைத்தோம், கட்டடம் அதிர்ந்தது. புழுதி. ஒரு சத்தமில்லை. நான் துணியை விலக்கிப் பார்த்தேன். பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்கியது.

அப்போது இருட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. உடனே இன்னொன்று. பிறகு ஊரே கேட்கிற மாதிரி ஒரே அழுகை. பையை அமுக்குவதை நிறுத்தாமலே அக்கா கூவினாள்: "பசிக்குதாம்டி ராசாங்களுக்கு!"

அங்கிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு தாய் என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒரு காலை போதும்.

மறுநாள் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தோம். ஏழாவது மாடியில் எங்கள் வார்டு இருந்த மூலையில் வெறும் வானம். பிறகு மொத்தக் கட்டடத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்தக் கடைசிக் குழந்தையின் அம்மா இப்போதும் படம் அனுப்புவாள். பையன் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறான். பிறந்த ஆஸ்பத்திரியைக் காட்டு என்று நச்சரிக்கிறானாம். காட்டுவதற்கு அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. கேட்பதற்கு அவன் இருக்கிறான்.