மல்லாட்டைக்காரர் மகன் எடுத்த சீட்டு

உப்புத் தண்ணீரில் வெந்து இறக்கிய பச்சை வேர்க்கடலைக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் 'மல்லாட்டை'க்கு, ஈர மண்ணின் வாசனை உண்டு. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது நகக்கண்ணில் தங்கிவிடும், ஒன்பதாவது படிக்கையில் அந்தக் கையோடுதான் நான் விவாதப் போட்டி மேடையில் ஏறினேன். அகில இந்திய அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த போட்டி அது. எங்கள் ஊரில் ஜெயித்தால் சென்னை, சென்னையில் ஜெயித்தால் டெல்லி. டெல்லியில் எந்த பாஷையில் பேசுவது என்று கேட்டதற்கு, என்னை அழைத்துப் போன ஏழுமலை சார், "மொதல்ல திருவண்ணாமலையத் தாண்டுடா, அப்புறம் பாஷையப் பாத்துக்கலாம்" என்றார்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் பேச்சில் என்னை மடக்க அந்த நாளிலேயே ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அப்பா மல்லாட்டை வண்டி போடுவார், அவரை நாங்கள் 'நைனா' என்போம். வண்டிப் பக்கத்தில் நின்று நான் கொடுக்கிற குரலுக்கே நடக்கிற கூட்டம் நின்று திரும்பிப் பார்க்கும். "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று நைனா எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். போட்டியன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையில் இளநீர் வெட்டும் ஜப்பார் பாயையும் இழுத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூட ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

தலைப்பை அங்கேதான் சொன்னார்கள்: கிரிவலப் பாதையில் கடைகள் இருக்கலாமா, கூடாதா. கேட்டதுமே ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் எந்தப் பக்கம் பேசுவது என்பது நம் இஷ்டமில்லை, டப்பாவில் கைவிட்டு எடுக்கிற சீட்டுதான் சொல்லும். என் சீட்டில் 'கூடாது' என்று இருந்தது.

சாரிடம் ஓடினேன். "மாத்திக்கலாமா சார்?"

"மாத்தினா நீ அவுட்டு. சீட்டுல என்னா இருக்கோ அதப் பேசு. அதான்டா விவாதம்."

யோசிக்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. பிறகு ஒன்று புத்தியில் பட்டது: அந்தக் கடைகளின் குறை என்னைவிட இந்த ஹாலில் யாருக்குத் தெரியும்? மேடையேறி, வண்டிகள் ஓரத்தை அடைத்துக்கொள்வதால் ஜனங்கள் பஸ்களுக்கு நடுவே ரோட்டில் இறங்கி நடப்பதையும், வெறுங்காலோடு வருகிறவர்கள் இளநீர் மட்டையை மிதித்துச் சறுக்குவதையும், எரிகிற ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் குழந்தைகள் நெருக்கிக்கொண்டு போவதையும் அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் எங்கள் வண்டியருகே நின்று நான் கண்ணால் பார்த்தவை. நடுவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சைப் பார்த்துவிடக் கூடாதென்று நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துப் பேசினேன்.

பேசி முடித்ததும் எதிரணியில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம், தடுமாறினால் மார்க் போய்விடும். எதிரணியில் டவுன் ஸ்கூலிலிருந்து வந்த ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி. நிதானமாக எழுந்தாள்.

"போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலைல எங்கம்மா கையில மல்லாட்டைப் பொட்டலம் குடுத்தது நீங்கதானே? உங்க கடை மட்டும் இருக்கலாமா?"

ஹாலே சிரித்தது. ஆமாம் என்றால் பேசியது அத்தனையும் போச்சு, சென்னையும் போச்சு. நடுவரின் கை மணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"யாரையோ பாத்துட்டு சொல்றீங்க. எங்க வீட்ல யாரும் கடை வைக்கல" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் விடவில்லை. "வெச்சிருந்தா, மொதல்ல அந்தக் கடையத்தான் எடுக்கச் சொல்வேன்!"

அப்படி ஒரு கைதட்டலை அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் வாங்கவில்லை. முதல் பரிசு எனக்குத்தான்.

வாசலில் ஜப்பார் பாய் என் முதுகில் தட்டினார். "என்னா தம்பி, எங்க எல்லாரையும் ஒரே மூச்சுல காலி பண்ணிட்டியே! கலெக்டரு கூட இவ்ளோ ஜல்தியா பண்ண மாட்டாரு." அவர் சிரித்தார். நைனா என் பரிசுக் கோப்பையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சென்னைக்கு அனுப்புவதற்கு ஒரு தாளில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். ஏழுமலை சார் வராண்டாவிலேயே உட்கார்ந்து, பெயர், ஊர் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தார். தொழில் என்ற இடம் வந்தது.

"இல்லைனு போட்டுடுங்க சார்" என்றார் நைனா.

"என்னாய்யா இது? மல்லாட்டை யாவாரம்னு போடறேன்."

"வேணாம் சார். புள்ள மைக்குல சொல்லிட்டான், அத்தினி பேரும் கேட்டாங்க. இப்ப நாம வேற எழுதினா அவன் பொய் சொன்னான்னு ஆயிடும்ல?"

சார் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். பேனா 'இல்லை' என்று எழுதியது. அதன் கீழே நைனா தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டார்.

சென்னையில் முதல் சுற்றிலேயே தோற்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று என்னை ஜெயித்தவன் எங்கோ மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பான், எனக்கு இன்று வேங்கிக்காலில் இரண்டு லாட்ஜ். பெரிய பெரிய ஆபீசர்களிடம் நேருக்கு நேர் பேசி வேலையை முடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், படித்த வக்கீல்கள் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் வண்டி நின்ற இடத்தில் இப்போது அகலமான நடைபாதை, கல் பதித்து, விளக்குப் போட்டு. ஜனங்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள், அன்று நான் மேடையில் கேட்டது அதைத்தான். ஜப்பார் பாய் இல்லை. நைனாவும் இல்லை. அந்தப் போட்டிக்குப் பிறகு எட்டு வருஷம் அவரோடு அதே வண்டியில் நின்றிருக்கிறேன்; மழையில் கூட்டமில்லாமல் இரண்டு பேரும் சும்மா நின்ற சாயங்காலங்கள் எத்தனையோ. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், இதுவரை யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவனில்லை நான்.

அவர் கேட்கவேயில்லை.