காசிம் பாய் வீட்டு வால்வு

அடுப்பு எரியவில்லை என்று போன் வந்தால், முதலில் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடுத்து ரெகுலேட்டர், பிறகு ட்யூப், கடைசியாக பர்னர். காரைக்காலில் காஸ் அடுப்பு மெக்கானிக்காக எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. இந்த வரிசை என்னைக் குழப்பியது ஒரே ஒரு வீட்டில்தான்.

வால்வு வைத்தது

கோட்டுச்சேரிப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். தருமபுரத்தில் வீடு. அவரும் அவருடைய தகப்பனார் காசிம் பாயும் மட்டும்தான்.

"அண்ணே, நேத்து ஸ்கூல் விட்டு வந்து கதவைத் தொறந்தா ஒரே காஸ் நாத்தம். அத்தா ஹால்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காங்க. மறதி நோயின்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் இல்லாதப்ப அடுப்பு எரியாத மாதிரி ஏதாவது பண்ணுங்க."

சமையல் மேடைக்கு அடியில், பலகைக்குப் பின்னால், காஸ் லைனில் ஒரு வால்வு வைத்தேன். காலையில் சமைத்து முடித்ததும் டீச்சர் அதை மூடிவிட்டுப் பஸ் ஏறுவார். வேலை முடித்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தபோது காசிம் பாய் வந்து நின்றார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

"தம்பி, தீ மஞ்சளா எரியுது பாரு. ஜெட்டுல அடைப்பு இருக்கு."

பார்த்தேன். அடைப்பு இருந்தது. இவருக்கா மறதி நோய்?

பகலில் வரும் போன்

அடுப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என் நம்பர் இருந்தது. மறுவாரமே காசிம் பாய் கூப்பிட்டார்.

"தம்பி, அடுப்பு எரியல."

போனேன். காஸ் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் சிலிண்டரை லேசாகத் தூக்கினார். "கனமா இருக்கே?" ரெகுலேட்டரைப் பார்க்கிறேன் என்று குனிந்தேன். அவர் பால் எடுக்கத் திரும்பிய நேரத்தில் வால்வைத் திறந்துவிட்டேன். அருமையான டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு, மூடிவிட்டு வந்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. சில நாள் என்னை யாரென்றே அவருக்குத் தெரியாது. ஒருநாள் என்னை முறைத்துப் பார்த்துக் கேட்டார். "நீ வந்தா மட்டும் எரியுது. நீ போனா எரிய மாட்டேங்குது. என்ன பண்ற நீ?"

அவர் பகலில் என்னைக் கூப்பிடுவதை டீச்சரிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்ண்ணே" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

புகை

அம்பகரத்தூரில் ஒரு ஓட்டலில் வேலையாக இருந்தபோது காசிம் பாயிடமிருந்து போன் வந்தது. சாயங்காலம் வருகிறேன் என்றேன். வந்தபோது சமையலறை ஜன்னலில் புகை.

இரும்புச் சட்டியில் பேப்பரும் கொட்டாங்குச்சியும் போட்டுக் கொளுத்தி, தரையில் உட்கார்ந்து சோறு வைத்துக்கொண்டிருந்தார் காசிம் பாய். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி உருகி வழிந்திருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் சிலிண்டர். குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

"ஏன்டா அணைச்ச? ஆளுங்கள்லாம் டெக்குல பசியோட நிக்கிறாங்க!" என்று அழுதுவிட்டார்.

டீச்சர் வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"கத்திய ஒளிச்சேன். அயர்ன் பாக்ஸ ஒளிச்சேன். அடுப்ப நிறுத்தினோம். இனி தீப்பெட்டியவும் ஒளிக்கணுமா? எல்லாத்தையும் ஒளிச்சிட்டா அத்தா தனியா இருந்துருவாங்களா?"

என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை.

மறுநாளிலிருந்து லீவு போட்டார். பிறகு, பகலில் கூட இருக்க மரியம் என்ற உறவுக்காரப் பெண்ணை ஏற்பாடு செய்தார். இனி ஆள் இருக்கிறதே என்று வால்வைக் கழற்றச் சொன்னார். நான் போன அன்று காசிம் பாய் என் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். அவ்வளவு தெளிவு.

"என் வீட்டுல எனக்கு எதுக்குத் தம்பி காவல்? நான் என்ன சின்னப் புள்ளையா?"

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "ஆள் வச்சதுல அவசரப்பட்டுட்டேனாண்ணே?"

உருகிய வாளி கொல்லையில்தான் கிடந்தது. நான் குனிந்து வால்வைக் கழற்றினேன். அது அவசரமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். இப்படி வால்வு கேட்டு இப்போதும் கூப்பிடுகிறார்கள். நானும் வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்டுவிடுகிறேன்: "பகல்ல அவங்க கூட யார் இருப்பாங்க?"