மாமாவுக்காக நான் ஊதிய குமிழிகள்

ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பில்லாமல் தண்ணீர் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். யாரும் நம்பவில்லை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி மட்டும் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய், உண்மைதான், அவர்கள் வீட்டுக்குள் பாட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, புகை மட்டும் வரவில்லை என்று வகுப்பில் சாட்சி சொன்னாள்.

அது அம்மாவின் தம்பி, என் மாமா, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பாட்டில். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு மிஞ்சும் கண்ணாடி பாட்டில். அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அடிவரை போகும்படி ஒரு ரப்பர் குழாயை விட்டிருந்தார்கள். குழாயின் மேல்முனையை வாயில் வைத்து மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். தண்ணீருக்குள் குமிழி கிளம்பும். குமிழி எவ்வளவு நேரம் அறுபடாமல் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

மாமா செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகாதவர் என்பதால் சிங்கவரம் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அந்த வருஷம் ஆவணி மாதத்தில் அவருக்கு ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் வந்து போவது எங்கள் வீட்டில் பெரிய விஷயமில்லை. ஆனால் அது போன பிறகு பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் பஸ் படிக்கட்டில் ஏறக் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. மரமரப்பு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, வாடகைக் காரில் பாண்டிச்சேரி போய்ச் சேர்வதற்குள் மூச்சுக்கும் ஏறிவிட்டது. ஜுரத்தோடு சண்டைபோடக் கிளம்பிய உடம்பு வழிதவறித் தன் நரம்போடேயே சண்டைபோட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதாக நைனா சொன்னார். மாமாவின் கழுத்தில் துளைபோட்டு ஒரு மிஷினைப் பொருத்தினார்கள். பல வாரங்கள் அவருக்குப் பதிலாக அதுதான் மூச்சுவிட்டது.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மாமா நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார் என்பதுதான். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு பஞ்சும் பிளாஸ்திரியும். சுவரைப் பிடித்து நடந்தார். பஸ் முழுக்கக் கேட்கும் குரல் காணாமல் போயிருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்றாக உடைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். எனக்கு அது ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக நின்று போகும் பஸ் மாதிரியே இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படிப் பேசிக்காட்டுகிறார் என்று நினைத்து நானும் அவரோடு அதேபோல் பேசினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுத்தவரை அம்மா எக்சர்சைஸ் டாக்டரம்மா என்று சொல்லுவாள். படுத்தே கிடந்தால் கைகால் சதை எப்படிச் சூம்புகிறதோ, அப்படியே மூச்சை இழுக்கும் சதையும் சூம்பிவிடும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காக இரண்டு வேலைகள். ஒன்று பாட்டில். மற்றொன்று மணல் பை.

மணல் பைதான் எனக்குப் பிடித்தது. மத்தியானச் சாப்பாடு செரித்த பிறகு மாமா மல்லாந்து படுப்பார். பழைய தலையணை உறையில் ஆற்று மணலை நிரப்பி அம்மா தைத்த சிறு மூட்டையை அவர் வயிற்றின்மேல் வைப்போம். மூச்சை இழுக்கும்போது வயிறு அதைத் தூக்க வேண்டும். விடும்போது இறக்க வேண்டும். லீவு நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையின்மேல் ஒரு காகிதக் கப்பலை நிறுத்துவேன். கப்பல் மெல்ல மேலே போகும், சற்று தயங்கும், கீழே வரும். வெளியே மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். வேர்க்கடலைக் கொல்லையின் ஈர வாசம் வரும். மாமாவின் வயிற்றை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னலைப் பார்த்தால், தூரத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பாறைகள், மதில், உச்சியில் இருக்கும் கட்டிடம் எல்லாமும் சேர்ந்து மூச்சுவிடும். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் கப்பலைப் பார்ப்பேன். அந்த மத்தியானங்களில் எது தூக்கம், எது விழிப்பு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அம்மா வந்து மூட்டையை எடுக்கும்போது மூன்று பேரில் இரண்டு பேர் தூங்கியிருப்போம்.

பாட்டில் சாயங்கால வேலை. அம்மா சமையற்கட்டில் இருப்பாள். அங்கிருந்து மாமாவைப் பார்க்க முடியாது, ஆனால் சத்தம் கேட்கும். குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் பாட்டுக்கு அரிந்துகொண்டோ அரைத்துக்கொண்டோ இருப்பாள். நின்றால் குரல் கொடுப்பாள்.

வந்த புதிதில் மாமா தாமே ஊதினார். இரண்டு மூன்று குமிழி வரும், நின்றுவிடும். குழாயை எடுத்துவிட்டு நெற்றி வேர்க்க உட்கார்ந்திருப்பார். பிறகு ஒருநாள் குழாயை என் பக்கம் நீட்டி, கண்ணைச் சிமிட்டினார்.

"பாப்பா, நீ ஊது. எவ்ளோ நேரம்... தம் கட்றேன்னு... பாக்கலாம்."

நான் ஊதினேன். தண்ணீர் களக்களக்கென்று பொங்கியது. சமையற்கட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாமா விரலை உதட்டில் வைத்துக்காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து சாயங்கால வேலை என்னுடையதாகிவிட்டது. பெரியவர்களை ஏமாற்றும் ஒரு பெரியவர் கிடைப்பது சாதாரண அதிர்ஷ்டமல்ல. நான் ஊத ஊத, மாமா சுவரில் சாய்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னல் வெளிச்சம் பாட்டிலுக்குள் புகுந்து உடைந்து, அவர் முகத்தில் மீன்குஞ்சுகள் மாதிரி ஓடும். என் மூச்சு நாளுக்கு நாள் நீண்டது. தம்பி நல்லா ஊதறான் என்று அம்மா நைனாவிடம் சந்தோஷமாகச் சொன்னதை நானே கேட்டேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அம்மா என்னைக் கூப்பிடும்போதெல்லாம் குமிழி நின்றுபோயிற்று. கறிவேப்பிலை கிள்ளிக்கினு வா என்றால் தண்ணீர் அடங்கிவிடும். நான் திரும்பிவந்து உட்கார்ந்ததும் மறுபடி பொங்கும். மாமாவுக்கும் எனக்கும் இது தோன்றவேயில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். போனேன். ஒன்றும் வேலை சொல்லவில்லை. ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அறைப்பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னாடா, தண்ணி ஆறிப்போச்சா? ஊது" என்றாள்.

ஒரு சத்தமும் வரவில்லை. அடுப்பில் சுள்ளி வெடித்தது. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவு திரும்பியது. அம்மா காத்திருந்தாள். அறையிலிருந்து ஒரே ஒரு குமிழி கேட்டது. அவ்வளவுதான்.

மாமாவுக்கு நல்ல திட்டு விழப்போகிறது, எனக்கும் பாதி உண்டு என்று நினைத்துக்கொண்டே அம்மாவின் பின்னால் போனேன். அவள் திட்டவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மாமா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார்.

"சோம்பேறித்தனம் இல்லக்கா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஊதிக்கினே போறேன்... கடைசில ஒண்ணும்... இல்லாம பூடுது. அப்ப... திரும்ப உள்ள வராதோன்னு... இருக்குது. அங்க படுத்திருந்தப்ப... ஒருவாட்டி டியூபு... கழண்டுக்கிச்சி. நர்ஸம்மா... ஓடியாந்து மாட்டற வரிக்கும்... கூப்புடவும் முடில. கண்ண மட்டும்... தொறந்துகினு இருந்தேன்" என்றார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது. மாமா இவ்வளவு நன்றாகப் புளுகுவார் என்று நான் நினைத்ததில்லை. மூச்சு எப்படித் திரும்பி வராமல் போகும்? இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒரு மூலைக்குப் போய் இருந்த மூச்சையெல்லாம் ஊதித் தள்ளினேன். வயிறு முதுகோடு ஒட்டும்வரை ஊதினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன். காது அடைத்தது. பிறகு அது தானாகவே கபக்கென்று உள்ளே வந்தது.

ஓடிப்போய் மாமாவிடம், "வருது மாமா. நான் பாத்துட்டேன். நம்ம கூப்புடாமலே வருது" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பாகவும்தான் இருந்தது.

அன்று அம்மா பாட்டிலிலிருந்து பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். தண்ணீர் குறைந்தால் ஊதுவது சுலபம் என்று டாக்டரம்மா அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். ஒரு உள்ளங்கையை மாமாவின் வயிற்றில் வைத்து, மறு கையை அவர் கைக்குள் கொடுத்தாள்.

"முழுசா ஊத வாணாம். எங்க பயம் வருதோ அங்க என் கைய அமுக்கு. அத்தோட வுட்டுடு. யாரும் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மாமா ஊதினார். நாலைந்து குமிழி வந்ததும் கையை அமுக்கினார். அம்மா குழாயை எடுத்துவிட்டாள். மாமாவின் மூக்குக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நான், "வந்துடுச்சி" என்று கத்தினேன். அம்மா அதட்டுவாள் என்று பார்த்தேன். அதட்டவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கத்தினேன். தினமும் கத்தினேன். மழை பெய்யும் நாட்களில் ஓட்டுச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன். குமிழிகள் கோர்த்துக்கொண்டு வரத் தொடங்கின. அம்மா அவ்வப்போது ஒரு கரண்டித் தண்ணீரைச் சேர்த்தாள், மாமாவுக்குத் தெரியாமல். கையை அமுக்குவதை அவர் எப்போது நிறுத்தினார் என்று மூன்று பேரில் யாருக்கும் தெரியாது. கார்த்திகை தீபத்தன்று வரிசை அகல்களில் ஒன்றை அவரே ஊதி அணைத்துக் காட்டி, பண்டிகை நாளும் அதுவுமாக இன்னாடா இது என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தத் திட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மார்கழியில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் மாமாவும் நானும் விடிகாலை பஸ்ஸில் பனிக்குள் போனோம். எக்சர்சைஸ் டாக்டரம்மாவின் கூடம் நீளமாக, வெள்ளையாக, ஜன்னல்கள் நிறைந்ததாக இருந்தது. ஆஸ்துமாக்காரப் பெரியவர் ஒருவர் உதட்டைக் குவித்து, எரியும் மெழுகுவர்த்தியை அணையாமல் ஆடவைத்துக்கொண்டிருந்தார். மார்பில் ஆபரேஷன் ஆன ஒரு அம்மாள் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமப் பழகினாள். இளம்பிள்ளை வாதம் வந்த ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், வயிற்றில் மணல் பையோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாய் ஒருபக்கம் கோணிய ஒருவர் பலூனோடு போராடினார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி. ஆனால் எல்லோரும் ஒரே பாடத்தை எழுத்துக்கூட்டுவதுபோல ஊதினார்கள், இழுத்தார்கள். கூடம் முழுக்கக் காற்று போய்வரும் ஓசை. வெயில் தூணாக விழுந்த இடத்தில் தூசி மேலும் கீழும் மிதந்தது. மூச்சுக்கும் ஒரு பள்ளிக்கூடம் உண்டென்றும், இதில் பெரியவர்களும் ஃபெயில் ஆகலாமென்றும் அன்று தெரிந்துகொண்டேன்.

மாமா பாஸானார். முள் ஆடும் ஒரு கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டரம்மா, தை பிறந்ததும் வேலைக்குப் போகலாம், ஆனால் கத்தக் கூடாது என்றார். அப்படியே அவர் தையில் வேலைக்குப் போனார். கத்தவும் செய்தார்.

அன்று கூடத்திலிருந்து திரும்பி வரும் வழியில் வராந்தாவில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து உஸ்ஸென்றும் டக்கென்றும் மாறிமாறி ஒரு சத்தம் வந்தது. மாமா நின்றுவிட்டார். கதவருகே இருந்த நர்ஸ் அவரை அடையாளம் கண்டு சிரித்தாள். மாமா அவளிடம் ஏதோ கேட்டுவிட்டு உள்ளே போனார். எங்களுக்கு அனுமதியில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். காலேஜ் படிக்கிற வயதில் ஒரு அண்ணன் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். கழுத்தில் குழாய். மாமா அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, காதருகே குனிந்து நெடுநேரம் பேசினார். அந்த அண்ணன் பேசவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் மட்டும் காதுவரை வழிந்தது. மாமா அதைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, திரும்பவும் பேசினார்.

எனக்குப் பசித்தது. மாமா இட்லி வாங்கித்தருவதாகச் சொல்லியிருந்தார்.

செஞ்சி பஸ்ஸில் அவர் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"அந்த அண்ணங்கிட்ட இன்னா மாமா சொன்ன?"

"டிக்கெட் எடுத்துட்டியான்னு கேட்டேன்."

"அதுக்கா அழுதாரு?"

"சில்லறை இல்லியாம்."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசி விழுந்திருக்கும். எனக்கு அந்த அண்ணனை நினைத்துப் பாவமாக இருந்தது. வீட்டில் என் மண் உண்டியல் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அடுத்த தடவை வரும்போது அதை உடைத்து, அவருக்கு வேண்டிய சில்லறையை எடுத்துவந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.