பனிக்குத் தயாரான கார்

தீபாவளி கழிந்ததும் எங்கள் பக்கத்துப் பட்டாசு முதலாளிகள் ஓய்வு கொள்வார்கள். என் அத்தான் வாக்குறுதி கொடுப்பார். அக்காவின் கணவரான அவருக்கு விஸ்வநத்தம் அருகே பட்டாசுத் தொழிற்சாலை இருக்கிறது. காஷ்மீரத்துக் குல்மார்க் சென்று பனியைக் கையால் தொட வேண்டும், பனிச்சறுக்குப் பலகையில் ஒருமுறையேனும் ஏறி நிற்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. "இந்த மார்கழிக்குக் கட்டாயம்" என்பார் அத்தான். மார்கழி வரும், கூடவே ஓர் ஆர்டரும் தவறாமல் வரும். சென்ற ஆண்டு அக்கா, இனி ஒரு சீசனுக்கும் பொறுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டாள்.

அத்தான் இசைந்தார், தம்முடைய காரில்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. ராக்கெட் செய்து பிழைப்பவராயினும் விமானம் ஏறுவதில்லை என்பது அவருடைய கொள்கை. காரோ, மதுரை மருத்துவர் ஒருவர் அலுத்துப்போய் விற்ற வெளிநாட்டுச் சொகுசுக் கார். அதன் வயதை அவரிடம் விசாரிப்பது நாகரிகம் அன்று. தேசத்தை நெடுக அளப்பதற்கு அதனினும் தகுந்த ஊர்தி இல்லை என்பதை, சாத்தூர்ச் சாலையில் அதைப் பலமுறை தள்ளிய அனுபவத்தால் நானும் அறிவேன்.

ஆயத்தங்கள் கோலாகலமாகத் தொடங்கின. பனிச்சறுக்குப் பலகை எதுவும் எங்களிடம் இல்லை. எனினும் அதை ஏற்றுவதற்கென்று கூரைமேல் இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் செய்யப்பட்டது. ஒரு லோடு சரவெடியைத் தாங்கும் உறுதி அதற்கு இருந்தது. பிறகு பட்டறைக்காரர் இன்ஜின் மூடியைத் திறந்தார்.

"அண்ணாச்சி, ரேடியேட்டர்ல இம்புட்டு நாளும் வெறும் தண்ணியா ஊத்துனீக? அங்கன போனா ஐஸா உறைஞ்சு இஞ்சினே வெடிச்சிரும்."

வெடிக்கும் என்ற செய்தி அத்தானைக் கலக்கவில்லை; தொழில் அப்படி. "அப்ப அதுக்கு உள்ள மருந்த ஊத்துலே" என்றார். உறையாத திரவம் ஊற்றப்பட்டது. புது பேட்டரி வந்தது. அடுத்து ஹீட்டரைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"ஹீட்டருக்குப் போற ஹோஸக் காணோமே, அண்ணாச்சி."

"எவன்லே களட்டுனது?"

"நாந்தான். நீங்க களட்டச் சொன்னீக."

உண்மைதான். எங்கள் பட்டாசு ஆலைகளில் அறைக்குள் நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்க வேண்டும்; பருத்தியன்றி வேறு துணி உடுத்தக்கூடாது; கைப்பேசி வாசலோடு நிற்கும். ஆலை வளாகத்தில் நிற்கும் காருக்கு மட்டும் விலக்கு உண்டா? வாங்கிய வாரத்திலேயே, சூடு தரும் எதுவும் அதற்குள் இருக்கலாகாது என்று ஆணையிட்டு, சிகரெட் பற்றவைக்கும் லைட்டரையும் ஹீட்டர் குழாய்களையும் பிடுங்க வைத்தவர் அத்தானே. காஷ்மீரத்துக் குளிரை அன்று எவர் எண்ணினார்?

குழாய்கள் மீண்டும் பூட்டப்பட்டன. ஆலைக்கு வெகுதூரத்தில், உச்சிவெயிலில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மூவரும் உள்ளே அமர்ந்து சோதித்தோம்.

"வருதாலே?"

"அமோகமா வருது, அண்ணாச்சி."

"போதும், நிப்பாட்டு."

நிற்கவில்லை. துருவேறிய வால்வு திறந்தபடியே இறுகிவிட்டிருந்தது. மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். வியர்வையில் நனைந்த அத்தானின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்றார்.

ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை. "காருக்கு எப்பச் சௌகரியப்படுதோ, அப்ப நீங்க ரெண்டு பேரும் வாங்க. நானும் தம்பியும் பிளேனுக்கு டிக்கெட் எடுத்துட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன். கார் ரெடியாகட்டும்னீக."

விமான நிலையம் வரை தாமே கொண்டு விடுவதாக அத்தான் பிடிவாதம் பிடித்தார். விருதுநகரைத் தாண்டும்போது, திறந்த கண்ணாடி வழியே வந்த வெயில்காற்றே எங்களுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இந்தியாவிலேயே குளிருக்கு அத்தனை செம்மையாக ஆயத்தம் செய்யப்பட்ட கார் வேறொன்று அன்று ஓடியிராது.

குல்மார்க்கில் அக்கா பலகையில் ஏறினாள், விழுந்தாள், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளி, கைப்பேசியில் தெரிந்த அத்தானுக்குக் காட்டினாள். அவர் திரையருகே முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"அங்கன ரோடு எப்படி? நம்ம கார் வருமா?"

"கார் தாராளமா வரும். நீங்கதான் வரமாட்டீக" என்று கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு, மறுபடியும் பலகையில் ஏறினாள் அக்கா.