காத்திருந்த கடைசி வரி

ஓசூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு, கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் பழைய சிஎன்சி லேத்தைச் சரிபார்க்க ஒரு சர்வீஸ் இன்ஜினியர் அம்மா வருவார். பெயர் கேட்டதில்லை. ஒல்லி உருவம், காதோரம் நரை. மெஷின் முன்னால் நின்றால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். இதென்ன கண்காட்சியா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், லேத்துக்கான கட்டளைகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி, வரி வரியாக அனுப்பியது. கடைந்துகொண்டிருந்த பீஸ், அதாவது இரும்புத் துண்டு, சுற்றுவது நின்றது. அதை எடுக்க ஆபரேட்டர் அண்ணன் உள்ளே கை நீட்டினார்.

"கை தெகீரி! கையை எடுங்கண்ணா!" பதற்றத்தில் அந்த அம்மாவுக்குக் கன்னடம்தான் முதலில் வந்தது.

"வேலை முடிஞ்சிருச்சே மேடம்," என்றேன்.

"முடிஞ்சிருந்தா வெட்டுற டூல் பின்னாடி போயிருக்கும் சார். இன்னும் பீஸ்கிட்டயே நிக்குது பாருங்க. கடைசி வரிக்கு அப்புறம் உங்க புரோகிராம் என்டர் போடல. வரி இன்னும் முடியலன்னு மெஷின் காத்துட்டிருக்குது."

என் கம்ப்யூட்டர் திரையில் கடைசி வரி முழுசாகத்தான் தெரிந்தது. நம்பிக்கையில்லாமல் வெறும் என்டர் ஒன்றை அனுப்பினேன். சற்று முன் அண்ணன் கை இருந்த இடத்தின் வழியே டூல் விருட்டென்று பின்னால் பாய்ந்தது.

அண்ணன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

கண்ணுக்கே தெரியாத ஒன்று அங்கே இல்லை என்பதை அத்தனை இரைச்சலில் எப்படிக் கண்டுபிடித்தாரோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இப்போதெல்லாம் மெஷின் முன்னால் நின்றால் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன.