திரும்ப மறுத்த அமெரிக்கக் கார்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். சுத்தப் பொய். அவ்வளவு தூரம்கூட அது ஏறாது, நாக்கிலேயே குடியிருக்கும். அந்த நாக்கால்தான் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய பட்டறையில் பார்த்த வேலையை விட்டேன். "உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று நான் கத்த, அங்கிருந்த ஃபோர்மேன், "வருவே, வருவே, இதே கேட்டாண்ட வந்து நிப்பே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் சோறு இறங்காது. ராயபுரத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்து நானே பட்டறை போட்டேன்.

என்னோடு மூன்று பேர். டிங்கர் வேலைக்கு வண்ணாரப்பேட்டை பாய், ஃபிட்டராக மாதா கோயில் தெருக்காரர் ஒருவர், பெயின்டராக ஒரு ஆஞ்சநேய பக்தர். மூவரும் சேர்ந்தால் பட்டறையே கல்யாண வீடுதான்.

அப்போதுதான் அந்த அமெரிக்கக் கார் வந்தது. கப்பல் கம்பெனி துரை ஊருக்குப் போகும்போது விற்றதை, தண்டையார்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலி அண்ணாச்சி வாங்கியிருந்தார். பவர் ஸ்டியரிங்! லாரி ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிப் பழகிய எங்களுக்கு, ஒற்றை விரலில் திரும்பும் வண்டி அதிசயமாக இருந்தது. எண்ணூர் சாலையில் மாட்டு வண்டி மோதி அதன் முன்பக்கம் நசுங்கியிருந்தது. ரேடியேட்டரையும் ஸ்டியரிங் பம்பையும் கழற்றி, தகரத்தை நிமிர்த்தி, திரும்ப மாட்டினோம். அந்தப் பம்பை அதற்கு முன் எங்களில் யாரும் பார்த்ததில்லை.

"இன்னா நைனா இது, ஊறுகா ஜாடியாட்டம் கீது?" என்றார் பெயின்டர்.

மறுநாள் காலை அண்ணாச்சி எதிரிலேயே வண்டியை எடுத்தேன். நேராகப் போகும்வரை ராஜா மாதிரி போயிற்று. திருப்பினேனோ இல்லையோ, 'கீச்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. என் முழங்கை கதவில் இடித்துக்கொண்டது.

"என்னவே, எருமைய இழுக்காப்புல இழுக்கீரு? சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா துறைமுகத்துப் பட்டறைக்குத்தான் கொண்டுபோவேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி ரிக்‌ஷா ஏறினார்.

நான் மாட்டிய பம்பைத் திறந்து பார்த்து அந்த ஃபோர்மேன் சிரிப்பாரே!

டயரில் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பம்பில் எண்ணெய் பார்த்தேன், குறையவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பினேன், தங்குதடையின்றித் திரும்பியது. அப்படியானால் கீழே மூட்டுகளில் கோளாறு இல்லை. மிச்சம் பம்புதான். அதைப் பிரித்து உள்ளே ஏதாவது கிழிந்துபோனால் மாற்றுச் சாமானுக்கு அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

"பிரிச்சுடலாமா மாமு?" என்றார் பாய்.

"கையை வச்சே, தொலைச்சுடுவேன்" என்றேன்.

வண்டியைத் தரையில் இறக்கி எஞ்சினை ஓட விட்டேன். பாயை ஸ்டியரிங் திருப்பச் சொல்லிவிட்டு நான் பானெட்டுக்குள் தலையை நீட்டினேன். அவர் திருப்பியதும் 'கீச்'. எஞ்சினிலிருந்து பம்பைச் சுற்றவைக்கும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, பம்பின் சக்கரமோ அசையாமல் நின்றது. பெல்ட் வழுக்குகிறது! எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பெல்ட்டைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை. அதோடு தேங்காய் எண்ணெய், வெண்ணெய். விரல் நுனியில் செந்தூரச் சிவப்பு வேறு.

"எவன்யா இந்த வேலை பார்த்தவன்?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாகூர் தர்கா சந்தனம் மாமு. பம்பு சக்கரத்துல துளியூண்டுதான் வச்சேன்."

"வேளாங்கண்ணி எண்ணெய்" என்றார் ஃபிட்டர். "நான் மட்டும்தான் தடவினேன்னு நெனச்சேன்."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "ஆஞ்சநேயர் வெண்ணெயும் செந்தூரமும், நைனா. நமக்குத் தெரியாத சாமானாச்சே. பேஜாரு பண்ணிட்டா, நீ அந்த ஃபோர்மேனாண்ட போயி நிக்கணும்னு மனசு கேக்கல."

திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. என் மானத்துக்காக மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்! கண் கலங்கியது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பெல்ட்டைக் கழற்றிச் சவுக்காரம் போட்டு அலசிக் காயவைத்தோம். பெல்ட் ஓடும் சக்கரங்களைப் பெட்ரோலில் துடைத்து, பெல்ட்டை விறைப்பாக மாட்டினோம்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து தாமே ஓட்டிப் பார்த்தார். தெருமுனையில் ஒற்றை விரலால் திருப்பிக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் பல். "பலே, பலே! எங்கவே அந்தப் பம்பு?" என்று பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். திருவொற்றியூர் அம்மன் கோயில் குங்குமம். அதில் விரலைத் தோய்த்துக்கொண்டு பம்பை நோக்கிக் குனிந்தார்.

"ஐயோ, வேணாம்!" என்று நாலு பேரும் ஒரே குரலில் அலறினோம். அண்ணாச்சி விரல் அந்தரத்தில் நின்றது. நான் பாய்ந்து குறுக்கே நின்றேன்.

"எங்க நெத்தியில வைங்க அண்ணாச்சி" என்றேன்.

முதலில் குனிந்து நெற்றியைக் காட்டியவர் பாய்தான்.