அக்னிக்கு ஏன் இருமல் வரவில்லை?

நாளிதழில் மதிப்புரைப் பக்கம் பார்ப்பவனுக்குப் புத்தகம் ஓசியில் கிடைக்கும். எழுதியவரும் கூடவே வந்து எதிரே உட்காருவார் என்பதை மட்டும் வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. நண்பர் எழுதிய நாவலைப் பையில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்குப் பயந்து பின்பக்கப் படிக்கட்டில் இறங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இது.

பக்கத்து மேசை

ஜெயராணி எங்கள் அலுவலகத்தில் மாவட்டச் செய்திகளைப் பார்க்கும் உதவி ஆசிரியர். ராயபுரத்துக்காரர். எந்த நிருபரின் செய்தியையும் பாதியாக வெட்டி, எழுதியவனுக்கே பிடிக்கும்படி ஆக்கிவிடுவார். அவர் இளையோருக்காக ஒரு நாவல் எழுதியிருந்தார். உலகம் நாசமான பிறகு நடக்கிற கதை. மதில் சூழ்ந்த நகரம், ஐந்து பிரிவாக மக்கள், பதினாறு வயதில் ஒரு தேர்வு. அக்னி என்ற பெண் மட்டும் எந்தப் பிரிவிலும் அடங்கமாட்டாள். மதிலை உடைக்கப்போவது இவள்தான் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இருபதாம் பக்கத்தில் இரண்டு பையன்கள் வந்தார்கள். அவர்களில் யார் சாவான் என்பதும் தெரிந்துவிட்டது.

பாதி படித்த நிலையில் நழுவப் பார்த்தேன். ஜெயராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னும் ரெண்டு பாகம் எழுதணும்ணே. நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, திங்கட்கிழமை வேலையை விட்டுடறேன்."

கியூவில் ஒரு வாசகர்

எனக்குத்தான் வயதாகி ருசி கெட்டுவிட்டதோ என்று சந்தேகம். முடித்த கையோடு, திருவொற்றியூரில் எங்கள் பக்கத்து வீட்டு பாபுவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் நுழைய வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்து அவர் படித்து முடித்த நாவல்கள், எங்கள் பக்கத்தில் மதிப்புரை வந்தவற்றைவிட அதிகம்.

இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"படா பேஜாரு சார். அது எங்க ஓடுனாலும் கதவு தொறந்தே கீது, காவக்காரன் கரெக்டா அந்தாண்ட திரும்பி நிக்கிறான். ஒரு பேப்பர் கொறைஞ்சா எங்க வண்டிய ஓரங்கட்டச் சொல்றானுங்க, இந்தப் பொண்ணு ராஜாங்கத்துக்குள்ளயே கைய வீசிக்கினு போவுது!"

வெள்ளை கவுன்

பாபுவின் மனைவி செல்வி, அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூரில் பிறந்து வளர்ந்தவர். கணவர் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, தெருவில் தண்ணீர் லாரிக்காக நிற்கும்போது என்னை மடக்கினார். நாவலின் உச்சமே அக்னி சாம்பல் பாலைவனத்தைக் கடப்பதுதான். நாற்பது நாள் நடக்கிறாள். ஜெயராணி ரொம்பவும் நம்பியிருந்த இடம் அது.

"எங்க அம்மா வூட்டாண்ட கொடியில துணி போட்டா, காயறதுக்குள்ள கறுத்துப்பூடும். இது நாப்பது நாளு சாம்பல்ல நடந்துகினு போவுதாம், வெள்ளை கவுனு வெள்ளையாவே கீதாம். ஒரு தபா இருமிச்சா? ஒரு வாய் சோறு துன்னுச்சா?" என்றார். குடத்தை இடுப்பில் ஏற்றிய பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஒலகத்தக் காப்பாத்தறது அப்பால இருக்கட்டும் சார், மொதல்ல அந்தக் கவுன யாரு தொவைச்சுப் போட்டது?"

திங்கட்கிழமை

கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும்போது, "நல்ல முயற்சி", "சரளமான நடை" என்று நம் தொழிலின் இரண்டு ஊன்றுகோல்களையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேன்டீனில் ஜெயராணி காத்திருந்தார். ராஜினாமாக் கடிதம் கைப்பையில் தயார். நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்: "அக்னியோட அக்கா சாகற இடம் எப்படிண்ணே? அழுதுகிட்டே எழுதினேன்."

அப்படி ஓர் இடத்தை நான் படிக்கவே இல்லை. புத்தகத்தைப் புரட்டினால், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடுத்து நூற்று இருபத்தொன்பது. ஒரு முழு ஃபாரத்தை, அதாவது பதினாறு பக்கத்தை, பைண்டிங்கில் விட்டுவிட்டார்கள்.

"பதினாறு பக்கம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"இல்லம்மா. பாபுவுக்கும் தெரியல. அக்கா செத்திருப்பான்னு நாங்களே வச்சுக்கிட்டோம்."

இதைவிடக் கொடுமையான விமர்சனத்தை யோசித்துக்கூட எழுத முடியாது. டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயராணி அந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துத் தட்டில் போட்டார். அவர் தோள்கள் இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். அத்தனை நாளும் அவை காதுவரை ஏறியிருந்திருக்கின்றன.

"அப்பாடா! ரெண்டாம் பாகத்துல அவ இன்னொரு மதிலை உடைக்கணும்ணே, அதை நெனைச்சாலே எனக்குக் கொட்டாவி வருது."

பொய்யும் சொல்லாமல் நண்பரையும் இழக்காமல் என் பெயரில் இதுவரை அமைந்த ஒரே விமர்சனம், முகம் தெரியாத ஒரு பைண்டர் செய்தது.